ரயிலுக்கும் வண்டிக்கும் நானே எழுதிய குறிப்புகள்

மாணவர் விவாதத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறவன் இரண்டு கட்சிக்கும் வேண்டியவனாகப் போய், இரண்டு கட்சியிடமும் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறவன். பள்ளிக்கூடத்தில் இந்தத் தலைவலியைத் தலையில் கட்டிக்கொண்ட நண்பர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலத்தில் நான் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இளைய வாத்தியார். தலைப்புத் தேடுவது, இரு தரப்புக்கும் குறிப்பு எழுதுவது, நடுவருக்கு நாற்காலி இரவல் வாங்குவது எல்லாம் என் தலையில்தான் விழும்.

என்னிடம் இருந்த பேச்சாளர்களில் கெட்டிக்காரன் கருப்பையா. அவன் அப்பா மாயாண்டி பண்டாரவளை ஸ்டேஷனில் அரிசி மூட்டை ஏற்றிப் பதுளைக் கடைகளில் இறக்கும் மாட்டு வண்டிக்காரர். அடுத்த வருடம் இரண்டாவது வண்டி ஒன்று போட்டு மகனின் படிப்பை நிறுத்தி அதில் உட்கார வைப்பதாக முடிவு செய்திருந்தார். பையன் பேசுவதை ஒரு தடவை கேட்டால் மனுஷர் மனசு மாறிவிடும் என்று நம்பி, வருடக் கடைசி விவாதத்துக்கு அவரை அழைத்திருந்தேன். அதற்குள் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

நேரம் முடிந்தது

பேசுகிறவனை நிறுத்த ஒரு மணி வேண்டும். பள்ளிக்கூட மணியைப் பெரிய வாத்தியார் தொடவே விடமாட்டார். நமுனுகுலயிலிருந்து வரும் ஒரு பையனிடம் வீட்டில் சத்தம் போடும் சாமான் ஏதாவது இருந்தால் கொண்டு வா என்றேன். மறுநாள் ஒரு பழைய கொம்பைக் கொண்டு வந்தான். அது தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, வேலைக்கு வரிசையில் வந்து நிற்க, ஆள் கூப்பிட ஊதுகிற கொம்பு என்று தெரிந்தும், சத்தம் வந்தால் போதும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதல் பேச்சாளனுக்கு நேரம் முடிந்ததும் ஊதினேன். தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் சடக்கென்று எழுந்து வெளியே ஓடி, முற்றத்தில் வரிசையாக நின்றுவிட்டார்கள். டவுன் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தபோதுதான் என் சிரிப்பு எனக்கே பிடிக்காமல் போயிற்று. நடுவராக வந்திருந்த கடைவீதி காசிம் முதலாளி கொம்பை வாங்கித் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"வாத்தியார், புள்ளைங்கள பேசக் கூப்பிட்டீங்களா, கொழுந்து எடுக்கக் கூப்பிட்டீங்களா?"

கண்ணீர்

எங்களுக்கு ஏது வாசகசாலை? காசிம் முதலாளி கடையில் சாமான் சுற்றுவதற்கு வாங்கும் பழைய பத்திரிகைகள்தான் என் புத்தகசாலை. அவர் ஒதுக்கித் தருவார், நான் வேண்டியதை வெட்டி ஒட்டிப் பையன்களிடம் கொடுப்பேன். ஒருமுறை வாயில்லாப் பிராணிகளை வதைப்பது பற்றிய விவாதம். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பையன் ஒருவன் நான் கொடுத்த தாளை முகத்துக்கு நேரே பிடித்து வாசித்தான். பாதியில் குரல் கம்மியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர். கூட்டமே உருகிவிட்டது. பெரிய வாத்தியார்கூட மூக்கை உறிஞ்சினார்.

பரிசை அவனுக்கே கொடுத்தோம். பாராட்டப் போன என்னிடம் அவன் கண்ணைத் திறக்க முடியாமல் தாளை நீட்டினான். அது மிளகாய்த்தூள் சுற்றியிருந்த தாள். நான் உதறிப் பார்க்கவில்லை. தோற்ற கட்சிக்காரர்கள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? தாளை முகர்ந்து பார்த்துத் தும்மிய காசிம் முதலாளி என் காதோரம் சொன்னார்:

"அடுத்த வாட்டிக்கு வெங்காயம் சுத்துன தாளும் எடுத்து வைக்கவா, வாத்தியார்?"

மாயாண்டி வந்தார்

கடைசி விவாதத்தின் தலைப்பு, 'பதுளைக்கு ரயில் வருவது நல்லதா, கெட்டதா'. யார் எந்தக் கட்சி என்று எங்கள் வழக்கப்படி சீட்டுப் போட்டோம். கருப்பையாவுக்கு ரயில் விழுந்தது. மாற்றிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். சீட்டை மீறினால் மற்றவர்கள் கத்துவார்களே என்று விட்டுவிட்டேன். குறிப்பு எழுதும்போது எனக்கு ஒரே உற்சாகம். வண்டிக்குப் பத்து வரி எழுதினால் ரயிலுக்கு இருபது வரி வந்தது. 'ஸ்டேஷனில் ஏறுகிற அரிசி மூட்டையின் கனம் கடையில் இறங்கும்போது இருப்பதில்லை. வழியில் வண்டிக்காரன் கைவைக்கிறான்' என்று கடைவீதியில் காதில் விழுந்ததையும் சேர்த்தேன். கைதட்டு விழும் இடம் என்று அதற்குக் கீழே கோடும் போட்டேன். ஒரு வார்த்தை விடாமல் பேச வேண்டும் என்று கருப்பையாவிடம் சொல்லி வைத்தேன்.

மாயாண்டி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நடுவர் நாற்காலியில் காசிம் முதலாளி. அவர் கடைக்கு அரிசி ஏற்றுகிறவரே மாயாண்டிதான். அது அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. அதற்குள் கருப்பையா அந்த வரிக்கு வந்துவிட்டான். ஒரு நொடி நிறுத்தினான். என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. அவன் சொல்லி முடித்தான். கோடு போட்ட இடத்தில் சொல்லி வைத்தாற்போலக் கைதட்டு விழுந்தது. காசிம் முதலாளி மட்டும் தட்டவில்லை. அவர் எழுந்து, "மாயாண்டி ஏத்துன மூட்ட என் கடையில ஒருநாளும் கொறஞ்சதில்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, ரயில் கட்சி வென்றதாக அறிவித்தார்.

எல்லோரும் போனபிறகு மாயாண்டி என்னிடம் வந்தார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். மனுஷர் கைகூப்பினார்.

"பய நல்லாப் பேசுறானுங்க, படிக்கட்டும். வண்டிக்கு இனி வேல இல்லன்னு அவனே சொல்லிட்டானே. ஆனா மூட்டையில கை வச்சது எந்த வண்டிக்காரன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிருங்கய்யா, இல்லாட்டி அவனோட அப்பன்னு நெனச்சுக்குவான்."

எந்தத் தலைப்புக்கும் இரண்டு பக்கமும் பதில் எழுதி வைத்திருந்த எனக்கு, கருப்பையாவிடம் போய்ச் சொல்ல அன்று ஒரு வரிகூடக் கைவசம் இல்லை.