கற்பூர மரத்து வளைவில் ஒரு ஹாரன்

ஒரு காரியத்தைச் செய்தவனுக்கே அதைச் செய்தோமா என்று தெரியாமல் போனால், அதன் உண்மை எங்கே போய் இருக்கும்? அழகையாவின் வாழ்க்கை ஐம்பது வயதுவரை யாரிடமும் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. கடைசியில் கேட்டது இந்த ஒன்றைத்தான். அதுவும் தன்னைப் பார்த்துக் கேட்டதாகவே அவர் மனைவி வாசுகிக்குப் பட்டது.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அழகையா கொழுந்து லாரி ஓட்டினார். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர் பிறந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில். பெரிய நல்லவர் என்று சொல்வதற்கில்லை. முன்கோபி. கூரைத் தகரம் ஒழுகினால் இன்னும் நாலு மழை போகட்டும் என்பார். ஆனால் வண்டியில் ஏறிவிட்டால் ஒழுங்கு.

கற்பூர மரத்து வளைவில் எதிரே வருவது தெரியாது. அங்கே நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். வளைவுக்கு மேல்சரிவில்தான் வாசுகி கொழுந்து எடுப்பாள். நீள ஹாரனுக்குப் பின்னால், அவளுக்கென்று குட்டியாக இன்னொன்று வரும்.

"இந்தா வாசுகி, மாப்பிள்ள கூப்புடுறாரு, கூடையைப் போட்டுட்டு ஓடு" என்று பக்கத்து நிரைப் பெண்கள் கேலி செய்வார்கள். சண்டை போட்ட நாட்களில் குட்டி ஹாரன் வராது. அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, ஒழுகும் தகரத்துக்காகச் சண்டை. அன்று அந்த வளைவில் லாரி சுவாதியை அடித்துவிட்டது. பக்கத்து வீட்டு மருதாயியின் ஒரே மகள். காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க இறங்கிக்கொண்டிருந்தாள். அங்கேயே உயிர் போய்விட்டது.

போலீஸ் கேட்டபோது அழகையா சொன்னார்: "ஹாரன் அடிச்சிருப்பேன் சார். நெனவு இல்ல. கை தானா அடிக்கும்."

"அடிச்சாரு, நான் கேட்டேன்" என்றாள் வாசுகி. பொழுது விடிந்தது என்று சொல்வதைப்போல, யோசிக்காமல் சொன்னாள். வளைவுக்குக் கீழே நின்றிருந்த மேஸ்திரி ஜஸ்டஸ், தன் காதில் எதுவும் விழவில்லை என்றார்.

லயம் இரண்டாகப் பிரிந்தது. அடித்தார் என்றால், சுவாதி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போய் விழுந்தாள். அடிக்கவில்லை என்றால், அழகையா கொன்றார். "காத்து மேல்பக்கமா வீசுனா மேல உள்ளவளுக்குக் கேட்கும், கீழ உள்ளவருக்குக் கேட்காது. அவுங்கவுங்க உண்மை அவுங்கவுங்களுக்கு" என்று டீக்கடையில் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். இதமான தத்துவம். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். வாசுகிக்கு மட்டும் அது ஒட்டவில்லை. யார் காதில் விழுந்தது என்பது வேறு, அவர் கை அழுத்தியதா என்பது வேறு. பாதி ஹாரன் என்று ஒன்று கிடையாது. நடந்தது ஒன்றுதான். அங்கே திரும்பிப் போகத்தான் பாதை இல்லை.

அதைவிடக் கொடுமையான ஒன்று மெல்ல மெல்ல அவளுக்குத் தெரியவந்தது. அன்று அவள் காத்திருந்தது குட்டி ஹாரனுக்கு. அது வரவில்லை. 'இன்னும் கோபம் தீரல போல' என்று நினைத்துக்கொண்டதுகூட ஞாபகம் இருந்தது. அதற்கு முன்னால் நீள ஹாரன் ஒலித்ததா? நினைவைத் தோண்டினால் ஒலித்தது. ஆனால் எந்த நாளைத் தோண்டினாலும் அது ஒலித்தது.

தண்டனை என்று வந்தால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும் என்று எஸ்டேட் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வக்கீல் நாச்சிமுத்து கோயம்புத்தூர்க்காரர். வழியைச் சுருக்கமாகச் சொன்னார்.

"ஏனுங்க, கேசே அந்த ஒத்த ஹாரன்லதானுங்க நிக்குது. அடிச்சேன்னு சொல்லிப்போடுங்க. அப்புறம் அம்மணி கூண்டுல ஏறி, கேட்டேன்னு சத்தியம் பண்ணட்டும். முடிஞ்சுது."

"நெனவு இல்லீங்களே."

"தெரியலைங்கற ஊருக்குக் கோர்ட்ல பஸ்ஸே கெடையாதுங்க. ஒண்ணு அடிச்சீங்க, இல்லீன்னா அடிக்கல."

அழகையா வீட்டில் சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் ஸ்டீயரிங்போலப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு அந்த வளைவில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "மரம் வருது, அந்தப் புள்ளையோட நீலத் துப்பட்டா வருது. என் கை மட்டும் வரமாட்டேங்குது வாசுகி."

"அதான் நான் கேட்டேன்னு சொல்றேன்ல."

"அன்னைக்குக் கேட்டியா, என்னைக்கோ கேட்டியா?"

வாசுகி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

விசாரணைக்கு முந்தைய வாரம் மருதாயி வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அண்ணே, ஒங்கள ஜெயில்ல போட்டு எனக்கு எம்புள்ள வரப்போறதில்ல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பாட்டுக் கேட்டுக்கிட்டு அவளா வந்து விழுந்தான்னு பேசிக்கிறாங்க. போனு பையிலதான் கெடந்துச்சு, இந்தக் கையாலதான் எடுத்தேன். நீங்க ஹாரன் அடிச்சும் அவ ஒதுங்காமப் போயிட்டாளா?"

அழகையா வாயைத் திறந்தார். வாசுகி முந்திக்கொண்டாள்: "அடிச்சாரு மருதாயி. நான் கேட்டேன்."

மருதாயி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எழவு விழுந்த வீட்டுக்குச் சோறு ஆக்கிக் கொண்டாந்தவ நீ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப தப்பு எம்புள்ள மேலதான்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட வாசுகி தாங்கியிருப்பாள்.

விசாரணை நாளில் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது உள்ளங்கை முழங்காலை அழுத்தியது. அவர் அறியவில்லை. வாசுகி பார்த்துவிட்டாள்.

"இங்க பாருங்க! ஒங்க கை தானா அடிக்குது. அன்னைக்கும் அடிச்சிருக்கும். கண்டிப்பா அடிச்சிருக்கும்." அவள் குரல் உடைந்தது. முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அழகையா தன் கையை யாருடையதோபோலப் பார்த்தார். "இன்னைக்கு அடிக்குது" என்றார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கோர்ட் வரும்வரை எடுக்கவே இல்லை.

முதலில் அவரிடம் கேட்பார்கள், அடுத்து வாசுகியின் சாட்சி. அவள் கதவுக்கு வெளியே நின்றாள். சொல்ல வேண்டியதை வக்கீல் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். உள்ளே பின்பெஞ்சில் மருதாயி உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

"நீங்க ஹாரன் அடிக்காம வந்ததாச் சாட்சி இருக்கு. என்ன சொல்றீங்க?" என்று மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார்.

அழகையா திரும்பினார். பின்பெஞ்சும் கதவும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. அவர் பார்த்தது மருதாயியையா, அவளையும் தாண்டித் தன்னையா என்று வாசுகியால் சொல்ல முடியவில்லை.

"அடிக்கலைங்கம்மா."

நாச்சிமுத்து எழுந்தார். "அவருக்குச் சரியா நெனவு இல்லீங்க..."

"இருக்குங்க. அடிக்கல."

வாசுகியை உள்ளே அழைக்கவே இல்லை.

தண்டனை விழுந்தது. வேலையும் வீடும் போயின. அவள் இப்போது கேத்தியில் கேரட் கழுவும் இடத்தில் கூலிக்குப் போகிறாள். முதல்முறை ஜெயிலுக்குப் பார்க்கப் போனபோது கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "அன்னைக்கு நெசமாவே ஒங்களுக்கு நெனவு வந்துச்சா?"

"இப்ப இருக்கற வீடு ஒழுகுதா?" என்று கேட்டார் அழகையா.