முதல் தோசை கணக்கில் வராது

போன செவ்வாய்க்கிழமை என் மானம் போனது. பாயான் பாருவில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில்... ப்ரெஷர் பார்க்கும் நர்ஸ் மிஸ்ஸியின் முன்னால்.

என் கணவருக்குச் சர்க்கரையும் ப்ரெஷரும் இருப்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். அவரைவிட நான்தான் அதைப் பற்றி அதிகம் பேசியிருக்கிறேன். எட்டு மாதமாக, தினமும் காலையில் வீட்டு மெஷினில் அவருக்கு ப்ரெஷர் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. தேதி நீல மையில், எண் சிவப்பு மையில். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை.

மிஸ்ஸி புரட்டிப் பார்த்தார். "நல்லா எழுதியிருக்கீங்க அக்கா. வீட்டு மெஷின் கொண்டு வந்தீங்களா? இங்க உள்ளதோட ஒத்துப் போகுதான்னு பார்ப்போம்."

பையிலிருந்து எடுத்தேன். பட்டையைப் பிரித்தேன். என் கையில் சுற்றினேன்.

"அண்ணனுக்குத்தானே பார்க்கணும்? நீங்க ஏன் போடுறீங்க?"

"மெஷின் ஓடுதான்னு பார்க்கத்தான் மிஸ்ஸி. முதல் தடவை எப்பவும் கூடத்தான் காட்டும். முதல் தோசை மாதிரி லா. கல்லு சூடாகணும்ல?"

எங்கள் வீட்டில் அப்படித்தான். முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொள்ளும், பிய்ந்து வரும். அதை நின்றபடியே நான் தின்றுவிடுவேன். இரண்டாவது தோசை அவருக்கு. மெஷினுக்கும் அதே முறை. முதல் எண் என் கையில் வருவது, அழித்துவிடுவேன். இரண்டாவது அவருடையது, எழுதுவேன்.

நூற்று அறுபத்தெட்டு என்றது மெஷின். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

"தினமும் இப்படியா காட்டும்?"

"ஏறக்குறைய."

ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொன்னார் — என்னைப் போய்! பிறகு கிளினிக் மெஷினைக் கட்டினார். நூற்று அறுபத்தாறு.

"இது ரெண்டாவது தோசை அக்கா," என்றார் மெதுவாக.

என் கணவர் நம்பவில்லை. "இவளுக்கு ஒண்ணும் இருக்காது மிஸ்ஸி. வியாதியெல்லாம் எனக்குத்தான்." அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. திட்டலாம் என்று பார்த்தால்... நானும் அதைத்தானே நம்பியிருந்தேன்? தொப்பை அவருக்கு, நாசி கண்டார் கறிச்சோறு அவருக்கு, ஆகவே நோயும் அவருக்கு.

விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரையும் கூடுதல். உள்ளே போனதும் டாக்டரம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "மாதவிடாய் நின்னு எத்தனை வருஷமாச்சு?"

மூன்று. ப்ரெஷருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? என் கணவர் சுவரில் இருந்த டெங்கி நோட்டீஸை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

சம்பந்தம் இருக்கிறதாம். அது நிற்கும்வரை பெண் உடம்புக்கு ஹார்மோன் ஒரு காவல். ஆண்களுக்குப் பொதுவாக ப்ரெஷரும் முன்னதாக ஏறும், இன்சுலினோடு உடம்பு முரண்டு பிடிப்பதும் முன்னதாகவே தொடங்கும். மாதவிடாய் நின்றதும் நம் காவல் மெல்ல விலகுகிறது. கொழுப்பு இடுப்பைச் சுற்றிச் சேர்கிறது. இன்சுலின் சுரக்கும், ஆனால் உடம்பு அதன் பேச்சைக் கேட்காது... எங்கள் வீட்டில் என் பேச்சைப் போல.

"ஆம்பளைங்க வியாதின்னு நெனச்சுக்கிட்டு நெறைய பேரு லேட்டாதான் வர்றாங்க," என்றார் டாக்டரம்மா. "நீங்க வந்ததே அவரோட அப்பாயின்மென்ட்டுக்குத்தானே?"

சுருக்கென்றது. எட்டு மாதம், தினமும் என் உடம்பு சொல்லியிருக்கிறது. தினமும் நான் அழித்திருக்கிறேன். பயமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அதைவிட வெட்கமாக இருந்தது. என் எண்ணை எழுத வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. வீட்டில் எல்லாருடைய மாத்திரை நேரமும் மனப்பாடம், சொந்த ப்ரெஷர் எவ்வளவு என்று தெரியாது... நம்மில் எத்தனை பேர் இப்படி இருக்கிறோம்?

ஒருவருக்கு மருந்து வாங்கப் போனோம். இரண்டு பேருக்கும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் காலை, என் கணவர் நோட்டுப் புத்தகத்தில் ஸ்கேல் வைத்து இன்னொரு கட்டம் போட்டார். பட்டையை என் கையில் தலைகீழாகச் சுற்றினார், அவிழ்த்து மறுபடி சுற்றினார். என் எண்ணை எழுதினார், சிவப்பு மையில், கோணல் எழுத்தில்.

பிறகு நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். முதல் தோசை வழக்கம்போல் பிய்ந்து வந்தது. அதை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

என்னைப் பார்த்தார், தோசையைப் பார்த்தார்... "இதுவும் தோசைதானே," என்று சாப்பிட்டார்.