கேட்டுக்கொண்டு வந்தனான்

கைபேசி அடித்தபோது நான் தண்ணீரூற்றிலிருந்து முல்லைத்தீவு நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் இரண்டு சாக்குக் கச்சான், என் காணியில் விளைந்த நிலக்கடலை, கட்டியிருந்தேன். ஒன்பது மணிக்குள் கொண்டுவந்தால் எடுக்கிறேன் என்று சந்தையில் ஒரு கடைக்காரர் சொல்லியிருந்தார். வேறு யாருடைய அழைப்பாக இருந்தாலும் அடித்து ஓயட்டும் என்று விட்டிருப்பேன். மகளின் அழைப்புக்கு மட்டும் வேறு மணியோசை வைத்திருந்தேன். அவள் அழைப்பு எடுப்பது மாதத்தில் ஒரு தடவை. அதுவும் பெரும்பாலும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், வருத்தம் என்றால்தான்.

வேகத்தைக் குறைத்து, சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான்.

"ஹலோ" என்றேன். பதில் இல்லை. இன்னொரு தடவையும் "ஹலோ" என்றேன்.

மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. வேகமான, ஈரமான சின்ன மூச்சு. பேத்தி. அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. தாயின் கைபேசி கிடைத்தால் வாயில் வைத்துச் சப்புவாள், விரல் பட்ட இடத்தையெல்லாம் அமத்துவாள். அப்படி அமத்தி அமத்தி என் எண்ணுக்கு வந்திருக்கிறாள்.

அப்போதே துண்டித்திருக்க வேண்டும். நான் துண்டிக்கவில்லை.

முதலில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. பிறகு குழாய்த் தண்ணீர் வாளிக்குள் விழுகிற சத்தம். யாரோ கதிரையை இழுத்தார்கள். என் மனைவி கோழியை ஏசினா. கோழி குசினிக்குள் வந்துவிட்டது போலிருக்கிறது. மகள் எதற்கோ சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டுப் பல காலம். என்னோடு கதைக்கும்போது அவள் சிரிப்பதில்லை. சுகமா வாப்பா, சாப்பிட்டீங்களா வாப்பா என்று கேட்டு முடிப்பாள்.

எங்கள் வீடு புத்தளத்தில் இருக்கிறது. அப்படிச் சொல்வதா, என் மனைவியின் வீடு புத்தளத்தில் இருக்கிறது என்று சொல்வதா என்பது எனக்கே தெளிவில்லை. நான் பிறந்தது தண்ணீரூற்றில். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, பதினான்கு வயதில் உம்மா வாப்பாவோடு புத்தளத்துக்குப் போய், அங்கேயே வளர்ந்து, அந்த ஊர்ப் பெண்ணையே கட்டினேன். திரும்பிவரலாம் என்ற நிலை வந்தபோது வாப்பா உயிரோடு இல்லை. அவருடைய காணியில் பற்றை ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. நான் தனியே வந்து வெட்டித் துப்புரவாக்கி, இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாக வீட்டைக் கட்டி, கச்சான் போட்டேன். மகளின் பரீட்சை முடிந்ததும் எல்லோரும் வருவதாக இருந்தது. பரீட்சை முடிந்தது, கல்யாணம் வந்தது. கல்யாணம் முடிந்தது, பிள்ளை வந்தது. நான் வந்து எட்டு வருடமாகிவிட்டது. சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து திரும்பினால், பிறகு சந்தைக்குப் போகிற நாளைத் தவிர, பின்னேரம் வரையும் எனக்கு யாரோடும் பேச வேலை இருக்காது.

ஆகவே நான் கேட்டுக்கொண்டே போனேன். முள்ளியவளையைத் தாண்டியதும் தெரியவில்லை. ஒரு வீட்டின் காலை நேரம் முழுவதும் என் காதுக்குள் நடந்துகொண்டிருந்தது.

"உம்மா, தொட்டில எங்கன போடுறது?" என்று மகள் கேட்டாள்.

"உள்ளுக்குப் போடு. அந்தக் கட்டில எடுத்து வெளியால வைப்பம்" என்றா மனைவி.

"வாப்பாட கட்டிலயா?"

"அவர் வந்தா ரெண்டு நாள்தானே. விறாந்தையில பாய் போட்டுப் படுப்பாரு. ஒண்டும் சொல்ல மாட்டாரு."

ஒருவரும் கோபத்தோடு பேசவில்லை. இடம் போதாத வீட்டில் இடம் பார்க்கிற பேச்சு, அவ்வளவுதான். மனைவி சொன்னதும் சரி. நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. விசில் அடித்தது காதில் விழுந்தபோது நான் பொலிஸ்காரரைத் தாண்டிப் போயிருந்தேன்.

நிறுத்தித் திரும்பினேன். இளம் பொலிஸ்காரர். சிங்களவர். தமிழைப் படித்துப் பேசுகிறவர். ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார். கைபேசி என் கையில் விழுந்தது. அழைப்பு இன்னும் போய்க்கொண்டிருந்தது.

"நானா, ஆரோட கதைச்சது?" என்றார். முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் இங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கதைக்கேல்லை சேர். மகள்ட வீட்டிலயிருந்து சின்னப் பிள்ளை தெரியாம அமத்திப்போட்டுது."

அவர் கைபேசியை வாங்கித் தன் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் எங்கோ தூரத்தில் ஒரு வீடு இருக்கும்தானே.

"ஒருத்தரும் கதைக்கிறது இல்லயே."

"அதுதான் சேர். நானும் கதைக்கேல்லை. கேட்டுக்கொண்டு வந்தனான்."

"அதும் இதும் ஒண்டுதான் நானா" என்று அழைப்பைத் துண்டித்துக் கைபேசியைத் திருப்பித் தந்தார். லைசனை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டை எழுதினார். "பதினாலு நாள். போஸ்ட் ஒபிசில கட்டுங்க. துண்டக் கொண்டாங்க. லைசன் தாறன்." மரியாதையாகத்தான் பேசினார்.

சந்தைக்குப் போனபோது கடைக்காரர் வேறு யாரிடமோ கச்சான் எடுத்துவிட்டார். இரண்டு சாக்கையும் கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

ஒரு வாரம் கழித்துத் தபால் கந்தோருக்குப் போனேன். கம்பிக்குப் பின்னால் இருந்த பிள்ளை சீட்டை வாங்கி, என்ன குற்றம் என்பதைத் தனக்குள் வாசிப்பதுபோல வாய்விட்டு வாசித்தாள். வாகனம் செலுத்தும்போது தொலைபேசியில் உரையாடியமை.

"தங்கச்சி, இது பிழை. நான் உரையாடேல்லை" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அதை நான் மாத்தேலாது ஐயா. காசு கட்டினா துண்டு தருவன். மாத்திறதெண்டா பொலிசிலதான் கேக்கோணும்."

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பணம் என் கையில் இருந்தது. கட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஏன் கட்டவில்லை என்று பிறகு நானே என்னைப் பலமுறை கேட்டேன். கடைசியாக யாரோடு உரையாடினேன் என்று யோசித்தால் நினைவுக்கு வராத ஒரு மனிதனிடம், நீ உரையாடினாய் என்று கையொப்பம் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

நாள் கடந்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது.

தவணை நாளன்று, பெருநாளுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். லைசன் இல்லாமல் ஓட முடியாதே. நீதிமன்றத்துக்குள் போக்குவரத்து வழக்குக்காரர் மட்டும் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். ஹெல்மெட் போடாதவர்கள், மூன்று பேர் ஏறினவர்கள், மஞ்சள் கோட்டில் நிறுத்தாதவர்கள். பெயர் கூப்பிடுகிறவர் கூப்பிட, ஒவ்வொருவராகப் போய் நின்று குற்றவாளி என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூடப் போகவில்லை.

என் பெயரும் வந்தது. நீதவான் ஒரு பெண். களைத்த முகம்.

"குற்றவாளியா, சுத்தவாளியா?"

"அம்மா, நான் கதைக்கேல்லை. கேட்டுக்கொண்டு மட்டும் வந்தனான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. "யார் பேசினதைக் கேட்டீங்கள்?"

"என்னோட ஒருத்தரும் பேசேல்லை அம்மா. சின்னப் பிள்ளை அமத்தினது. வீட்டுச் சத்தம் கேட்டுது. குசினிச் சத்தம்."

"நீங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லையா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு தரம் ஹலோ எண்டனான்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். பொலிஸ் தரப்பில் நின்றவரும் சிரித்தார். நீதவான் அமைதி வரும்வரை பார்த்திருந்துவிட்டு, "வீடு எங்கே?" என்று கேட்டா.

"புத்தளம்."

"அப்படியென்றால் இங்கே?"

"இஞ்சயும் வீடுதான் அம்மா."

"லைசனில் எந்த விலாசம்?"

"புத்தளம்."

நீதவான் தாளைப் பார்த்தா. பிறகு மெதுவாகச் சொன்னா. "ஐயா, உங்கட காது புத்தளத்தில இருந்தா, றோட்டில மாடு குறுக்க வந்தா எப்படித் தெரியும்? ஒரு பிள்ளை வந்தா?"

முள்ளியவளையைத் தாண்டியதே எனக்குத் தெரியவில்லை. அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது. எட்டு மணிக்குப் பிள்ளைகள் கரையில் நடந்து போவார்கள். அந்தக் காலையில் நான் ஒரு பிள்ளையையும் பார்க்கவில்லை என்பது அந்தக் கூண்டில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

"குற்றவாளி அம்மா" என்றேன். கையொப்பம் வைத்தேன்.

தண்டம் கட்டுவதற்கு மத்தியானம் வரையும் வெளி விறாந்தையில் காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி இருந்தார். முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்கிறவர், என் வயதிருக்கும். லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டிக்குப் பின்னால் லைற் இல்லை என்று பிடித்திருக்கிறார்கள். உள்ளே நான் பேசியதை அவர் கேட்டிருந்தார்.

"நானா, நல்லாத்தான் கதைச்சியள்" என்று சிரித்தார். பிறகு இரண்டு வடை வாங்கிவந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். தேத்தண்ணியும் அவர்தான் எடுத்தார். "குடும்பம் அங்கயோ?"

இந்தக் கேள்விக்கு நான் வழக்கமாக ஓம் என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றுவேன். அன்றைக்கு ஏனோ சொல்லத் தொடங்கிவிட்டேன். காணி துப்புரவாக்கியது, பரீட்சை, கல்யாணம், பேத்தி. அவர் ஓம், ஓம் என்று தலையாட்டிக் கேட்டார். அப்படி ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் பேசி எத்தனை காலம் என்று தெரியவில்லை. அழைப்பில் கேட்டதையும் சொன்னேன். கோழியை ஏசியது, மகள் சிரித்தது. "பிறகு மகள் தாயைக் கேட்டாள், தொட்டிலை எங்க போடுறது எண்டு" என்று சொன்னபோது உள்ளேயிருந்து அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

"இருங்கோ நானா, இந்தா வாறன்" என்று எழுந்து போனார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தேன். மிச்சத்தை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். கட்டிலைப் பற்றிச் சொல்லும்போது மனைவியைக் குறைவாக நினைக்காதபடி சொல்ல வேண்டும். சிறிது நேரத்தில் அவர் மறுபக்கக் கதவால் துண்டோடு வெளியே வருவதைக் கண்டேன். ஒட்டுசுட்டான் பஸ் வாசலில் நின்றது. அவர் ஓடிப்போய் ஏறினார். படியில் நின்று என் பக்கம் கையைக் காட்டினார். நல்ல மனிதர். அடுத்த பஸ்ஸுக்கு அவர் இரண்டு மணித்தியாலம் நிற்க வேண்டியிருந்திருக்கும்.

பின்னேரம் பொலிஸ் நிலையத்துக்குத் துண்டைக் கொண்டுபோனேன். லைசனைத் தேடி எடுத்துத் தந்தவர், "இருக்கிற இடம் இது எண்டா விலாசத்தை மாத்துங்க. இல்லாட்டி கடிதம் எல்லாம் அங்கதான் போகும்" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கிராம அலுவலரிடம் போனேன். வதிவிடக் கடிதத்துக்கான படிவத்தை அவரே நிரப்பினார். நிரந்தர முகவரி என்ற இடம் வந்ததும் பேனையை நிறுத்தினார்.

"ஐயா, இஞ்சதானே இனி? நிரந்தரமா?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது? எட்டு வருடமாக யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. அவர் எழுதி, முத்திரை குத்தி, தாளை என் பக்கம் தள்ளினார்.

அன்று பின்னேரம் விறாந்தையில் இருந்துகொண்டு மனைவிக்கு எடுத்தேன். பொலிஸ் பிடித்தது, கோட்டுக்குப் போனது எல்லாம் சொன்னேன். எந்த அழைப்பு என்று சொல்லவில்லை. ஒரு அழைப்பு வந்தது, எடுத்தேன் என்று மட்டும் சொன்னேன். இந்த வயதில் ஏன் இப்படி ஓடுகிறீர்கள் என்று ஏசினா. அந்த ஏச்சு எனக்கு ஆறுதலாக இருந்தது.

"லைசன்ல விலாசத்தை இஞ்சத்தைக்கு மாத்தப்போறன்" என்றேன்.

பிள்ளை எங்கோ அழுதது.

"அதுவும் நல்லதுதான்" என்றா. "அடுத்த மாசம் வாரீங்கதானே?"

"வருவன்."

"வாரதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாலயே சொல்லுங்க. வீட்ட ஒதுக்கணும், கறி ஏதும் எடுக்கணும்."

"சொல்லிப்போட்டுத்தான் வருவன்" என்றேன்.