கரியரில் ஏறியவன்

இதைக் கதை என்று நினைத்து வாசிக்கிறவர்களை நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் இது எனக்கு நடந்தது. அன்றிரவு என் சைக்கிள் கரியரில் இருந்த பாரத்தை என் கால்கள் இன்னும் மறக்கவில்லை.

1986, ஆவணி மாதம். சுன்னாகத்தில் றேடியோ திருத்தும் கடையொன்றில் எனக்கு வேலை. அம்மா இறந்து ஒரு வருடமாகியிருந்தது. வீட்டில் நான் மட்டும். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் ஜேர்மனிக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள். மற்றவர்கள் எங்கே என்று அவர்களின் வீட்டாருக்கே தெரியாது. மிச்சம் இருந்தவன் சிமியோன் ஒருவன்தான். தெல்லிப்பழையில் தாய் பியாட்றிஸ் மாமியோடு இருந்தான். அவனுக்கும் பயணம் சரிவந்துவிட்டது. அடுத்த கிழமை கொழும்பு, அங்கிருந்து ஜேர்மனி.

எங்கள் இருவரையும் சேர்த்தது ‘மின்மினி’ என்ற பொப்பிசைக் கோஷ்டி. பள்ளிக்கூட நாட்களில் அவர்கள் எந்தக் கோயிலில் பாடினாலும் சைக்கிளில் போய் முன்னால் இடம் பிடித்துவிடுவோம். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கோஷ்டி உடைந்தது. ஆளுக்கொரு நாடு. பிறகு வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பொடியள் சிலர் சேர்ந்து, மின்மினியின் பாட்டுகளை மட்டுமே பாடும் கோஷ்டியொன்றைத் தொடங்கினார்கள். பாட்டுகளின் வரிசைகூட அதே வரிசை. அதே வெள்ளைச் சட்டை, அதே நீலக் கழுத்துப்பட்டி. கண்ணை மூடினால் மின்மினியேதான் என்று கேட்டவர்கள் சொன்னார்கள். பாடகன் கிளரன்ஸை எங்கள் இருவருக்கும் தெரியும்.

வட்டுக்கோட்டைக்கு அப்பால் ஓர் அம்மன் கோயிலில் பூங்காவனத் திருவிழா. அன்றிரவு அவர்களின் நிகழ்ச்சி. சிமியோன் போவதற்கு முன் கடைசியாக ஒருமுறை சேர்ந்து கேட்போம் என்று முடிவெடுத்தோம். சுன்னாகம் ரயில் ஸ்ரேசன் வாசலில், இரவு ஏழு மணிக்குச் சந்திப்பதாகப் பேச்சு.

நான் போனபோது அவன் அங்கே நின்றான். நடந்து வந்திருந்தான். தன் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது என்றான். என் கரியரில் ஏறச் சொன்னேன்.

பாரம். முதலில் பிழையாகப் பட்டது அதுதான். சிமியோன் ஒல்லி. எத்தனையோ நாள் அவனை ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்று இரண்டு மூட்டை வெங்காயம் கட்டியதுபோல, பெடல் கீழே போக மறுத்தது.

பிறகு நாய்கள். வழிநெடுக ஒரு நாயும் குரைக்கவில்லை. வீட்டு வாசல் படலைகளில் வந்து நின்றன. பார்த்தன. அவ்வளவுதான்.

கோயில் வீதி நிறையச் சனம். ஜெனரேற்றர் டுக்... டுக்... என்று அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் தேர்முட்டிப் பக்கமாக மணலில் இருந்தோம். கிளரன்ஸ் முதல் பாட்டை எடுத்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்று வருடத்துக்கு முந்திய நான் திரும்பி வந்ததுபோல இருந்தது.

அப்போது சிமியோன் கேட்டான்.

“இது என்ன பாட்டு?”

நாங்கள் இரண்டு பேரும் ரோட்டு ரோட்டாகப் பாடித் திரிந்த பாட்டு அது. பகிடி விடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவனும் சிரித்தான். ஆனால் நான் சிரித்து முடித்த பிறகு.

அதற்குப் பிறகு கவனித்தேன். நான் கைதட்டுவேன், அவன் பிறகு தட்டுவான். நான் ஒரு வரி முணுமுணுப்பேன், அவன் அதையே பிறகு முணுமுணுப்பான். பயணக் கவலை போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

“நீ தனியத்தானே இருக்கிறாய்?” என்றான்.

அவனுக்குத் தெரியாததா? ஓம் என்றேன். அடுத்த பாட்டிலும் கேட்டான். அதே சொல். அதே குரல்.

திடீரென்று வானத்தில் ஆமிக்காரரின் ஹெலிகொப்டர். டப... டப... டப... வெளிச்சத்தைக் கண்டால் சுடுவார்கள் என்று ஜெனரேற்றரை நிறுத்தினார்கள். ஒரே இருட்டு. சனம் மூச்சு விடவில்லை. நான் பக்கத்தில் கையை நீட்டினேன். மணல்தான் பட்டது. இன்னும் தள்ளித் தடவினேன். மணல்... குளிர்ந்த மணல்...

விளக்கு வந்தது.

அவன் பக்கத்திலேயே இருந்தான். அவன் முழங்கால் என் முழங்காலோடு முட்டிக்கொண்டிருந்தது. மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது சுன்னாகத்தை நெருங்கிவிட்டோம். அப்போதுதான் கேட்டான்.

“இண்டைக்கு உன்ரை வீட்டிலை படுக்கட்டே?”

உண்மையைச் சொல்கிறேன். ஓம் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. அந்த வீட்டில் இன்னொரு ஆள் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டு ஒரு வருடம். ஆனால் சிமியோன் ஒருநாளும் வெளியில் தங்கமாட்டான். அவன் வரும்வரை மாமி விளக்கோடு விறாந்தையில் காத்திருப்பார்.

“அம்மா தேடுவா. நான் கொண்டுபோய் விடுறன்.”

செயின் மட்டும்... கிறீச்... கிறீச்...

“எந்த அம்மா?”

காதுக்குப் பக்கத்தில். மூச்சுப் படவில்லை. சொல் மட்டும்.

நான் திரும்பவில்லை. மிதித்தேன்.

பாரம் போய்விட்டது.

குதித்த சத்தம் இல்லை...

காலடி இல்லை...

திரும்பினேன்.

நிலவு. வெங்காயத் தோட்டம். வெறும் ரோட்டு.

விடிந்ததும் தெல்லிப்பழைக்குப் போனேன். சிமியோன் முற்றத்தில் நின்றான். சைக்கிள் பக்கத்தில் இருந்தது. இரண்டு ரயரிலும் காற்று இருந்தது.

“சொல்லாமல் எங்கை போனனீ?” என்று கோபமாகக் கேட்டான்.

நடந்ததை அவன் சொன்னான். ஸ்ரேசன் வாசலில் நான்தான் நடந்து வந்து நின்றேனாம். அவனுடைய கரியரில் ஏறினேனாம். கோயிலில் நாங்கள் இருந்தது கேணிப் பக்கமாம். முதல் பாட்டுக்கே இது என்ன பாட்டு என்று கேட்டேனாம். திரும்பும்போது, இன்றைக்கு உன்னுடைய வீட்டில் படுக்கட்டுமா என்றும் கேட்டேனாம்.

சிமியோன் ஓம் என்று சொல்லியிருக்கிறான்.

“தலகணி நான்தானே எடுத்துத் தந்தனான்,” என்றார் மாமி உள்ளிருந்து. விடிய எழும்பிப் பார்த்தபோது பாய் மட்டும் சுருட்டிச் சுவரில் சாத்தியிருந்ததாம்.

எனக்கு நடந்ததை அவனுக்கு மட்டும் மெல்லச் சொன்னேன். அம்மாவுக்குச் சொல்லாதே என்றான்.

இரண்டு நாள் கழித்துக் கிளரன்ஸ் மைக் திருத்தக் கடைக்கு வந்தான். நாங்கள் இரண்டு பேரும் கோபமா என்று கேட்டான். மேடையிலிருந்து பார்க்கும்போது நான் தேர்முட்டிப் பக்கமும் சிமியோன் கேணிப் பக்கமுமாகத் தனித்தனியே இருந்தோமாம்.

“ரெண்டு பேருக்கும் பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. ஆனா ரெண்டு பேரும் பக்கத்தைப் பாத்துக் கதைச்சுக்கொண்டு இருந்தியள்,” என்றான்.

சிமியோன் சொன்ன நாளில் புறப்பட்டான். ஜேர்மனி போய்ச் சேர்ந்துவிட்டான் என்று செய்தி வந்தது. அந்த வீட்டுப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. ஐப்பசி மழை தொடங்கிய பிறகு, ஒருநாள் பின்னேரம்தான் போனேன்.

மகன் போன கவலையில் மாமி உடைந்திருப்பார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. முகம் தெளிவாக இருந்தது. தனியாகப் படுக்கப் பயமில்லையா என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“என்ன தம்பி கேக்கிறாய்? சிமியோன் போன நாள் துவக்கம் ஒவ்வொரு இரவும் நீதானே வந்து படுக்கிறாய்.”

நான் அவருக்குப் பின்னால் திறந்திருந்த கதவைப் பார்த்தேன்.

“நீ பெரிசாக் கதைக்கிறேல்லை. அது பறவாயில்லை. வீட்டிலை ஒராள் இருக்கிறதே எனக்குப் பெரிய காரியம்.”

சொல்லிவிட வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்தேன். முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டினேன். அவர் வாசலில் நின்று கூப்பிட்டார்.

“தம்பி... இனிப் பகலிலையும் இஞ்சை இருக்கட்டே எண்டு ராத்திரிக் கேட்டாய்தானே. நான் யோசிச்சுப் பாத்தனான். இரு, மோனை. எனக்கும் வேறை ஆர் இருக்கினம்?”

அவருக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே, யாரோ பாயை உதறி விரிக்கும் சத்தம் கேட்டது.