தயாளனின் பானகப் பீப்பாய்

பால் காய்ந்துகொண்டிருந்தபோது செவிலிமேட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "பெரியம்மா, அப்பா போயிட்டாரும்மா" என்றாள் தயாளனின் மகள் கோமதி. அடுப்பை அணைத்துவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

தயாளன் என் கணவரின் தம்பி. இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும் ஊர்க்காரர்களே, உங்களில் பலருக்கு அவர் பீர்க்காரர். பெங்களூரில் ஒரு பீர் ஆலையில் பொறியாளராக இருந்து, ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பியவர். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பிறந்தவர்தான். ஆனாலும் விசேஷங்களில் அவர் நீட்டிய தம்ளரை வாங்காமல் நகர்ந்தவர்கள் உண்டு. அவர்களும் இதைப் படிப்பார்கள்.

அதைப் பற்றி அவர் ஒரே ஒரு முறைதான் பேசினார். "கருட சேவைக்குப் பந்தல் போட்டு பானகம் கொடுக்கப் போறேன் அண்ணி. ஒருத்தராச்சும் என் கையால வாங்கிக் குடிக்கட்டும்." வெல்லமும் சுக்கும் எலுமிச்சையும் சேர்ந்த வழக்கமான பானகம்தான், ஆனால் சோடாபோல மூக்கில் ஏற வேண்டுமாம். எஃகுப் பீப்பாய் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். பீர் அடைத்ததா என்று கேட்டேன்.

"புதுசு அண்ணி. பீர்னா என்னன்னே அதுக்குத் தெரியாது."

பானகத்தை வடிகட்டிப் பீப்பாயில் ஊற்றி, குளிர்பெட்டியில் வைத்து, சிலிண்டரிலிருந்து சோடாவுக்கான கரியமில வாயுவைச் செலுத்திவிட்டுக் காத்திருந்தார். குலுக்கினால் சீக்கிரம் கரையாதா என்றேன்.

"கரையும். ஆனா அவசரப்பட்டது நாக்குல தெரிஞ்சிடும். குளிர வெச்சிட்டு சும்மா இருக்கணும். அதுதான் வேலையே."

முதல் தம்ளர் எனக்கு. குமிழி சன்னமாக இருந்தது, இனிப்பு தூக்கல். இரண்டையும் சொன்னேன். மறுநாளே வெல்லத்தைக் குறைத்து முதலிலிருந்து தொடங்கினார்.

திருவிழாக் காலையில் பீப்பாயை ஆட்டோவில் ஏற்றியாயிற்று. "ராகு காலம் போகட்டும்பா" என்றாள் கோமதி. இதையெல்லாம் கேலி செய்கிறவர் அன்று அது முடியும்வரை உட்கார்ந்துவிட்டார். காரியம் கெட்டுவிடக் கூடாதே என்ற பயம். பீப்பாய் வெயிலில் காய்ந்தது. பந்தலில் குழாயைத் திறந்தபோது, சூடேறிய பானகத்திலிருந்து வாயு பிரிந்து தம்ளர் முழுக்க நுரையாகப் பொங்கியது.

"என்ன தயாளா, பீர் கடையே தெறந்துட்டியா?" என்று எதிர்வீட்டுத் தறிக்காரர் முனுசாமி கத்தினார். பந்தலே சிரித்தது.

பனிக்கட்டியில் புதைத்துக் குளிரவைத்தால் சரியாகிவிடும். அதற்குள் பெருமாள் தெருவைக் கடந்துவிடுவார். அப்போது, பெருமாளைச் சுமந்துவந்து இன்னொருவரிடம் தோள் மாற்றிவிட்டு வந்த ஒருவர் வேர்வை சொட்ட முன்னால் நின்றார். "அய்யா, குடிக்க எதுனா இருக்குதா?"

தயாளன் அவருடைய கன்றிய தோளைப் பார்த்தார். பிறகு வால்வை இழுத்துவிட்டார். வாயு முழுவதும் சீறி வெளியேறியது. மூடியைக் கழற்றி, நுரை அடங்கியதும் சொம்பால் மொண்டு கொடுத்தார். வெறும் பானகம். அந்த மனிதர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொண்ணு குடுபா, நல்லாருக்குது" என்றார். அவர் பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் முனுசாமியும் கையை நீட்டினார்.

"பீர் இல்லப்பா, ஏமாந்துடுவ" என்றார் தயாளன், ஊற்றிக்கொண்டே.

அடுத்த ஆண்டுகளில் சன்னக் குமிழியோடு அவர் கொடுத்ததை நீங்கள் குடித்திருக்கிறீர்கள். அந்த ருசியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வால்வு சீறிய சத்தம் போதும். தாகத்தோடு ஒருவர் வந்து நின்றதும், அத்தனை நாள் காத்திருந்து சேர்த்ததைக் காற்றில் விட அவர் யோசிக்கவே இல்லை.