அந்தோனியாருக்கு நேர்ந்த மெழுகுதிரி

மருதமுனையில் ஞானப்பூவை அறியாத மணப்பெண் கிடையாது. கலியாணச் சட்டையெல்லாம் அவள் மெசினில்தான் தைபடும். அந்த மெசின் ஓடத் தொடங்கினால் பக்கத்து ஊரான பாண்டிருப்பின் நாய்கள் எல்லாம் எழும்பிக் குரைக்கும். கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். ஒரு நாய் குரைத்தது மெய்.

அந்த முஸ்லிம் தெருவில் கத்தோலிக்க வீடு அவளுடையது ஒன்றுதான். ஞாயிறு விடிந்தால் முக்காடிட்டு, செபப் புத்தகத்தோடு கல்முனைக் கோயிலுக்குப் பூசைக்குப் புறப்படுவாள். "அவளப் பாருங்க, வணக்கம் தப்பாத பொம்பிள" என்று அயலார் தங்கள் குமரிகளுக்குக் காட்டுவார்கள். அந்த மரியாதைதான் அவளை உள்ளுக்குள் கொன்றது. புருஷன் சவரிமுத்து கல்லோயாப் பக்கம் வேலைக்குப் போய்ப் பாம்பு தீண்டிச் செத்த பிறகு, அவள் கோயில் வாசலை மிதிக்கவேயில்லை. பாதி வழியில் கடற்கரைக்கு இறங்கி, வலை காயும் இடத்தில் குந்தியிருந்துவிட்டு, பூசை முடியும் நேரத்துக்கு வீடு திரும்புவாள். ஆண்டவரோடு கோபம், இனி அவரோடு கதைப்பதில்லை என்று முடிவு. ஆனால் வேதத்தை விட்டவள் என்று பேரெடுக்கவும் வெட்கம்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழியில், வேலிக்கு அடுத்த வீட்டுச் சல்மா உம்மாவின் மகன் மசூருக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. தோணி தள்ளும் இளந்தாரி பாயோடு பாயாகக் கிடந்தான். பள்ளிவாசல் லெப்பை ஓதி நூல் கட்டினார். ஆசுபத்திரி மருந்தும் கொடுத்தார்கள். அதன்மேல் சல்மா உம்மா ஒரு கட்டு மெழுகுதிரியோடு வேலிக்கு வந்தாள்.

"ஞானப்பூ, உங்கட அந்தோனியாருக்கு நேர்ந்திரிக்கன் புள்ள. நான் எப்பிடிக் கோயிலுக்குள்ள போற? நீதான் பத்த வெச்சி, மசூருக்குக் கேக்கணும்."

"ஓம் ராத்தா" என்று வாங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிறும் கடற்கரையோடு நின்றது. பிறகு மழை பிடித்தது. மழையென்றால், மீன் பிடிக்க ஒருவரும் கடலுக்குப் போகாததால் மீனே படியேறி வந்து சுகம் விசாரித்த மழை! கல்முனை வீதி வெள்ளத்துக்குள் போனது. கடைகளில் மண்ணெண்ணெய் இல்லை. அந்தியிலேயே வீடு கறுத்துவிடும். அடுத்த தெரு மணப்பெண் ஸகியாவின் கலியாணச் சட்டை அரைகுறையாகக் கிடந்தது. கலியாணம் தள்ளிப்போகும் என்று ஞானப்பூவுக்கும் தெரியும். ஆனால் கை சும்மா இருந்தால் சவரிமுத்து வந்து கண்ணுக்குள் நிற்பான்.

ஒரு திரியை எடுத்துக் கொளுத்தினாள். 'அந்தோனியாருக்கு அங்க வெளிச்சத்துக்குக் குறைவில்ல' என்று தனக்குள் பகிடி விட்டுக்கொண்டாள். அடுத்த அந்திக்கு இன்னொன்று. சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைத்து முடிக்கையில் கட்டுக்குள் ஒரு திரியும் மிச்சமில்லை.

விடிந்தால் வேலிக்கு மேலால் சல்மா உம்மாவின் முகம்.

"இந்தத் தண்ணிக்குள்ளயும் போனியா புள்ள? பத்த வெச்சியா?"

"ஓம் ராத்தா."

"கேட்டியா?"

"ஓம்."

மசூரின் காய்ச்சல் ஏறியது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகப் பாதையில்லை. அவன் பிதற்றுவது மெசின் சத்தத்துக்கு மேலால் கேட்டது. ஞானப்பூ மெசினை நிறுத்தினாள். அவனுக்கென்று எரிய வேண்டியதைச் சட்டைக்கு எரித்தவள் தான் என்ற நினைப்பு நெஞ்சில் ஏறிக் குந்திக்கொண்டது. முழங்காலில் நின்று பார்த்தாள். எந்த முகத்தோடு கதைப்பது?

"எனக்காக இல்ல" என்றாள் கடைசியில். "என்னோட கோபமென்டா என்னோட வெச்சிக்கொள்ளும். அவன விடும்."

அதையும் சண்டைபோலத்தான் சொல்ல வந்தது. அதற்குமேல் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, அடுத்த வீட்டுப் படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். திரியை, சட்டையை, கடற்கரையை.

சல்மா உம்மா கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தபடியே நின்றாள்.

"கோயிலுக்குப் போறல்லயா? இவ்வளவு காலமும்?"

"இல்ல ராத்தா."

"திரிய விடு. தண்ணி வடிய வேற வாங்கலாம். ஒவ்வொரு நாளும் விடிய என்ட மொகத்தப் பாத்து ஓம் ஓம் என்டியே, அத என்னகா செய்யப்போறாய்?"

ஞானப்பூ தண்ணீருக்குள் இறங்கத் திரும்பினாள்.

"எங்க போறாய்? உள்ள வா. அவன்ட தலமாட்டுல இரி. இப்ப கேளு, எனக்குக் கேக்கத்தக்கதாக் கேளு. உன்னத் தனிய நம்பேலா."

மசூரின் உடம்பு அடுப்புப்போல் அடித்தது. அவள் கைகுவித்து, ஆண்டவர் கற்பித்த செபத்தைத் தொடங்கினாள். அன்றாட அப்பம் கேட்கும் இடம்வரை குரல் வந்தது. அடுத்தது, பாவங்களைப் பொறுக்கச் சொல்லிக் கேட்கும் இடம். அங்கே நின்றுவிட்டது.

"முடிஞ்சா?" என்றாள் சல்மா உம்மா.

"இல்ல ராத்தா. இன்னும் இரிக்கி."

"அப்ப சொல்லு."

சொன்னாள். மசூர் கண் திறக்கவில்லை, மழையும் விடவில்லை. முதலிலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.