கம்பவுண்டர் விசாரித்த குழம்பு

பெனிசிலின் ஊசி பரவிக்கொண்டிருந்த காலம். மெயின் கார்டு கேட் பக்கம் ஒரு டாக்டரிடம் அவர் கம்பவுண்டர். ஒல்லியான உடம்பு, காதில் செருகிய ஊதாப் பென்சில். ஊசிக்கு முன்னால், மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, முன்கையில் துளி மருந்தைக் குத்தி, அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுவார். பிறகு எதிரே உட்கார்ந்து வீட்டுச் சமையலை விசாரிப்பார். சரியான வம்புக்காரர் என்று நினைத்திருந்தேன்.

காலில் சீழ் பிடித்து நான் போனபோது என்னையும் விடவில்லை.

“இன்னிக்கு வீட்ல என்ன குழம்புங்க?”

எனக்கு ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். “வத்தக்குழம்பு. போதுமா?”

“தொட்டுக்க?”

“சுட்ட அப்ப...” அதற்கு மேல் குரல் எழும்பவில்லை. வட்டத்துக்குள் தோல் தடித்திருந்ததை நான் பார்ப்பதற்குள் அவர் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார். அட்ரினலின் ஊசி தயாராக இருந்தது; உடனே போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது.

“குழம்பு எனக்கு எதுக்குங்க? தொண்டை அடைச்சா முதல்ல பேச்சுலதான் தெரியும்” என்றார். சீட்டில் ‘பெனிசிலின் கூடாது’ என்று பெரிதாக எழுதிக் கொடுத்தார்.

சில வாரம் கழித்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றுமே விசாரிக்கவில்லை. காவிரிப் பாலம் வந்ததும் நானே சொன்னேன்:

“இன்னிக்கும் வத்தக்குழம்புதாங்க.”

காதை என் பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். “தொட்டுக்க என்னன்னு அன்னிக்கு நீங்க சொல்லி முடிக்கலையே.”

“சுட்ட அப்பளம்” என்றேன்.

அப்புறம்தான் கண்ணைத் திறந்தார்.